காற்றைக் குடிக்கப் போன குருவி

கடலை எட்டிப் பார்த்தபடி நிற்கும் ஒரு பனங்காட்டில் நரியார் ஒருவர் நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குப் பல்லில் கூர்மை போய்விட்டது, காலிலும் வேகம் இல்லை. ஆனால் ஒரு கிணறு இருந்தது. பிள்ளைகளே, கோடையில் கிணறு கையில் இருந்தால் அப்புறம் பல் எதற்கு?

பக்கத்திலேயே கடல் கிடந்தும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் நரியாரின் கிணற்றில் அடியாழத்தில் கிடந்தது. அதைக் கமலை கட்டி இறைக்கும் வலு காட்டிலேயே ஒற்றைக்கொம்பன் என்ற எருமைக்கடாவுக்கு மட்டும்தான் உண்டு. உடம்பு பெரிது; ஒரு சங்கதி மண்டையில் ஏறத்தான் அரை நாள் ஆகும். நரியார் "இழு" என்றால் இழுக்கும், "நில்" என்றால் நிற்கும்.

தண்ணீர் வேண்டுகிறவர்கள் வரிசையில் நின்று, நரியாரின் வாலில் ஒட்டியிருக்கும் நாயுருவி முள்ளைப் பொறுக்க வேண்டும். பிறகு "நரியார் வாழ்க! அவர் வாலும் வாழ்க!" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்னார்கள். அணில் பயத்தில் ஏழெட்டுத் தடவை சொன்னது.

சொல்லாதவன் ஒரே ஒருவன். நாரன் என்ற தூக்கணாங்குருவி. உடம்பு கட்டை விரல் அளவு, அது முழுக்க வீம்பு. "தாகத்துக்கும் வாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, ஓலைக் குருத்தில் விடியற்காலையில் தேங்கும் துளிகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். ஆனி மாதம் பிறந்ததும் அதுவும் நின்றுவிட்டது. கூட்டில் அவனுடைய மூன்று குஞ்சுகளும் திறந்த வாய் மூடாமல் துவண்டு கிடந்தன.

"ஒரு தடவை வாழ்கன்னு சொன்னா நாக்கு அழுகிருமா?" என்றாள் அவன் மனைவி குன்றி. "பிள்ளைங்க மொகத்தைப் பாருங்க."

நாரன் பார்த்தான். போய் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. நரியார் வாலை நீட்டினார். நாரன் அலகைத் திறந்தான், சொல்தான் வரவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளைங்க தாகத்துல கெடக்கு. ஒரு செரட்டைத் தண்ணி குடுங்க. வாழ்க போடுதது மட்டும் எனக்கு வராது" என்றான்.

"வராதா? அப்பம் போய்க் காத்தைக் குடிலே! இந்தக் காட்டுல அதுதான் சும்மா கெடக்கு" என்றார் நரியார்.

வரிசை முழுவதும் சிரித்தது. நாரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"குடிக்கத்தான் போறேன். பாத்துக்கிட்டே இருங்க!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டானே தவிர, எப்படி என்று அவனுக்கே தெரியாது. கூட்டுக்கு வந்து ஓலை நுனியில் உட்கார்ந்தான். ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் கச்சான் காற்று, தொங்கும் கூட்டைப் பிடித்து அங்கும் இங்கும் சுழற்றிக்கொண்டிருந்தது. நாரன் அதையே பார்த்தான். நாலு உயிர் இருக்கிற கூட்டையே இது சுற்றுகிறதே, ஒரு கயிற்றைச் சுற்றாதா?

தேரி எனும் செம்மணல் மேட்டின் சரிவில் யாரும் சீந்தாத பாழுங்கிணறு ஒன்று இருந்தது. ஆழம் அதிகம் என்று நரியாரே வேண்டாமென விட்டது. நாரன் அங்கே உடும்பை அழைத்துப் போனான். பிடித்தால் விடாத உடும்பு, ஒரு மர உருளையை இழுத்து வந்து கிணற்றின் இரண்டு தூண்களுக்கும் மேலே கிடத்தியது. வாயே திறக்காமல் வேலை பார்க்கும் மரங்கொத்தி, உருளையின் நுனியில் துளைகள் போட்டது. துளைகளில் பனைமட்டைகளைச் செருகி, அவற்றில் நாரன் விசிறி போல ஓலை பின்னினான். "நரியாருக்குத் தெரிஞ்சா நம்ம கதி?" என்று நடுங்கிக்கொண்டே அணில் தேங்காய்ச் சிரட்டைகளை உருட்டி வந்தது. சிரட்டைகளை வரிசையாகக் கட்டிய கயிறு உருளையின் மேல் மாலையாக விழுந்து, அடியில் தண்ணீரைத் தொட்டது.

முதல் நாள் ஓலை கிழிந்தது. காற்றோடு முட்டிக்கொண்டு நேரே நின்றதுதான் அதன் தப்பு. மறுநாள் நாரன் ஒவ்வோர் ஓலையையும் கொஞ்சம் சாய்த்துக் கட்டினான். கச்சான் வந்தது. விசிறி முனகியது, அசைந்தது, பிறகு சுற்றத் தொடங்கியது. சிரட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து, பனந்தடியைக் குடைந்து செய்த தோணியில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போயின.

குன்றி வாய் நிறைய மொண்டுகொண்டு கூட்டுக்குப் பறந்தாள். திரும்பி வந்து, "மூணும் கண்ணு முழிச்சிட்டு" என்றாள். வீம்புக்காரன் நாரன் அழுதேவிட்டான்.

அன்றே காடு முழுவதும் பாழுங்கிணற்றுக்கு வந்துவிட்டது. நரியார் நீட்டிய வாலைப் பிடிக்க ஆளில்லை. மூன்றாம் நாள் அவரே கிளம்பி வந்தார். பின்னால் ஒற்றைக்கொம்பன்.

"கெணறு பாழுங்கெணறு, போனாப் போகுது" என்றார் நரியார். "ஆனா இந்த விசிறியைச் சுத்துத காத்து யாருது தெரியுமாலே? என் தேரி இடுக்கு வழியாத்தான் வருது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க காத்து! விசிறியைக் கழத்தி என் கெணத்துல கொண்டாந்து மாட்டு. இல்லைன்னா கொம்பன் ஒரே இடி. ஒண்ணும் மிஞ்சாது."

ஒற்றைக்கொம்பன் தலையைத் தாழ்த்தியது. அணில் "நரியார் வா..." என்று தொடங்கியேவிட்டது.

நாரன் பறந்து போய் விசிறிக்கும் எருமைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தான். எருமையின் மூச்சு அவன் இறகைக் கலைத்தது. ஆனாலும் அவன் நகரவில்லை.

"காத்து உங்களுதுதானா அண்ணாச்சி?"

"ஆமாலே!"

"எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லுங்க."

"காத்து என்னுது!" என்று நரியார் மார்பை நிமிர்த்திக் கத்தினார்.

"நல்லதாப் போச்சு. யாருகிட்ட நியாயம் கேக்கன்னு தெரியாம இருந்தேன். போன கார்த்திகையில என் கூட்டைப் பிச்சு, நாலு முட்டையைக் கடல்ல எறிஞ்சது காத்து. அது உங்க காத்துதானே? பதில் சொல்லுங்க."

மரங்கொத்தி அன்றுதான் வாயைத் திறந்தது. "நான் பொந்து வச்சிருந்த மரத்தைச் சாய்ச்சதும் காத்துதான்!"

நரியார் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். அந்த மூளைக்குச் சொல்லியா தர வேண்டும்!

"அட, கூறுகெட்ட பயலுகளா! கார்த்திகையில அடிக்கது வாடைக் காத்து. வடக்கேயிருந்து வருது. அது எவனுதோ! என்னுது கச்சான் மட்டுந்தான். இந்தா, இப்பம் அடிக்குதே, இது."

"கச்சான் முழுக்கவா அண்ணாச்சி?"

"முழுக்க! ஆனி, ஆடி ரெண்டு மாசத்துக் கச்சானும் என்னுது. ஒரு மூச்சுகூட வேற யாருக்கும் கெடையாது."

நாரன் மெல்ல எருமையின் பக்கம் திரும்பினான். "கொம்பண்ணே, உங்க இன்னொரு கொம்பு எங்க?"

எருமை யோசித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"பனை விழுந்து முறிஞ்சிட்டு" என்றது கடைசியில்.

"பனை ஏன் விழுந்துச்சு?"

"காத்து தள்ளிட்டு."

"எந்த மாசம்?"

"போன ஆடி." சொல்லி முடித்த பிறகு எருமையின் காதுகள் மெதுவாக விறைத்தன. "ஆடின்னா... கச்சான்."

நரியார் ஓரடி பின்னால் போனார்.

ஒற்றைக்கொம்பன் தாழ்த்திய தலையை நிமிர்த்தவில்லை. திசையை மட்டும் மாற்றியது. "அண்ணாச்சி, உங்க காத்தா என் கொம்பை முறிச்சுது? மூணு மாசம் நான் தூங்கல. அந்த வலியோடதான் உங்களுக்குக் கமலை இழுத்தேன்."

"இல்ல கொம்பா, அது வந்து... காத்துன்னா அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போவும்..."

"யாருது?" என்று கேட்டபடி எருமை ஓரடி முன்னால் வைத்தது.

"என்னுது இல்ல!"

"எங்களுக்குக் கேக்கல" என்றான் நாரன்.

"காத்து என்னுது இல்ல! எவனுதும் இல்ல! எல்லாருக்கும் பொது!" என்று அலறிக்கொண்டே நரியார் ஓட்டம் பிடித்தார். கச்சான் பின்னாலிருந்து தள்ளிய தள்ளில், அவருக்கு முன்னால் அவர் வால் போயிற்று.

ஒற்றைக்கொம்பன் கழுத்து நுகத்தை உதறிப் போட்டுவிட்டுத் தோணியில் வாயை வைத்தது. அது குடித்து முடிக்கிற வரைக்கும் விசிறி நிற்கவே இல்லை.

நீதி: ஊருக்குப் பொதுவானதை எனதென்று சொல்பவன், அது செய்த கேட்டையும் எனதென்று சொல்லட்டும்.