அருவி பார்க்கப் போன நீர்நாய்கள்

மலையடிவாரக் காட்டில் ஓர் ஆற்று மடு. அதில் துடுப்பன் என்ற நீர்நாயும் அவன் மனைவி கெண்டையாளும் வாழ்ந்தார்கள். அந்த வருடம் அவர்களுடைய குட்டிகள் வளர்ந்து, ஆற்றோடு கீழே போய், தனித்தனியாக மடு பார்த்துக்கொண்டன. வளை திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"இனிமே நீங்களும் நானும்தான்" என்றாள் கெண்டையாள்.

"ஆமாம்" என்றான் துடுப்பன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் குட்டிகளைப் பற்றியே பேசிப் பழகிவிட்டான்.

இருந்தாலும் பொழுது நன்றாகத்தான் போனது. காலையில் இருவரும் சேர்ந்து நண்டு தேடுவார்கள். நண்டின் ஓட்டை அவன் கடித்து உடைப்பான். சதையை அவள் பங்கு வைப்பாள். வெயில் ஏறியதும் களிமண் கரையில் ஏறி, வயிற்றால் சறுக்கி, தொப்பென்று தண்ணீரில் விழுவார்கள். யார் அதிகம் தண்ணீரைத் தெறிக்க விடுவது என்பதில் போட்டி. எப்போதும் துடுப்பன்தான் ஜெயிப்பான். அவன் வயிறு அப்படி.

ஒரு நாள் பக்கத்து நாணல் புதரிலிருந்து கானாங்கோழி வந்தது. வாலை ஆட்டாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாத கோழி அது.

"அக்கா, விஷயம் தெரியுமா? நேத்து நானும் அவரும் ஜோடி உலா போயிட்டு வந்தோம்! எல்லாம் அந்தக் காட்டுப்பூனை வெருகனோட ஏற்பாடு! மலை அருவிக்குப் பக்கத்துல புல் மெத்தை! காலை வெயில்ல அருவிக்குள்ள வானவில்! குயில் ஒன்னு நமக்குன்னே உக்காந்து பாடுது!"

"அப்படியா? சந்தோஷம்" என்றாள் கெண்டையாள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் உங்களை எங்கேயும் கூட்டிட்டுப் போறதே இல்லையா?"

"தினமும் போறோமே!"

"எங்கே?"

"இதோ, இந்தக் கரைக்குத்தான்."

கானாங்கோழி சிரித்தது. அப்போது துடுப்பன் தண்ணீருக்குள் இருந்தான். தண்ணீருக்குள் போனால் நீர்நாய்க்குக் காது மூடிக்கொள்ளும். ஆனால் இந்த மாதிரிச் சிரிப்பு மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிடும்.

கெண்டையாள் அதை அப்போதே மறந்துவிட்டாள். துடுப்பனால் மறக்க முடியவில்லை. அன்று மதியமே வெருகனைத் தேடிப் போனான்.

வெருகன் ஒரு பாறை மேல் படுத்து மீசையை நக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மீன் என்றால் உயிர். தண்ணீர் என்றால் ஆகாது. அதனால்தான் இந்தத் தொழிலையே கண்டுபிடித்தான்.

"வாங்க தம்பி! சாதா உலாவா, சிறப்பு உலாவா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சாதா உலாவில் குயில் பாடும். சிறப்பு உலாவில் குயிலும் பாடும், மயிலும் விசிறும்."

"சாதாவிலும் குயில் நல்லாத்தானே பாடும்?"

"பாடும். ஆனா சிறப்பு உலாவில் மனசு வச்சுப் பாடும்."

துடுப்பன் யோசித்தான். "சரி, சிறப்பே இருக்கட்டும். கட்டணம் என்ன?"

வெருகன் வாலால் ஒரு குழிப்பாறையைக் காட்டினான். யானைக்குட்டி ஒன்று அதில் இறங்கிக் குளிக்கலாம். "அது நிரம்புற அளவுக்குக் காய்ஞ்ச மீன்."

"அவ்வளவா?"

"பொண்டாட்டியோட சந்தோஷத்தை அளந்து பார்க்கிற ஆளா நீங்க? உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே!"

துடுப்பன் சரியென்று தலையாட்டினான். மறுநாள் விடியும்போதே வேலையைத் தொடங்கிவிட்டான்.

கெண்டையாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திடீரென்று கூட்டிப் போய் அவளை அசத்த வேண்டும் என்று ஆசை. மடுவில் மீன் பிடித்தான். அவள் கண்ணில் படாத ஒரு பாறையில் காயவைத்தான். தூக்கிக்கொண்டு மலை ஏறினான். குழிப்பாறையில் கொட்டினான். மறுபடி மடுவுக்கு ஓடி வந்தான். வீடு திரும்பும்போது கண்கள் பாதி மூடியிருக்கும். வளைக்குள் தலையை வைத்தால் போதும், தூங்கிவிடுவான்.

"ஏங்க, தண்ணி இன்னிக்கு வெதுவெதுன்னு இருக்கு. சறுக்கலாமா?"

"வேலை இருக்கு."

"நண்டு ஒன்னு பிடிச்சு வச்சிருக்கேன். ஓடு ரொம்பக் கெட்டி. நீங்க வந்தாத்தான் உடைக்க முடியும்."

"நீயே கல்லுல தட்டித் தின்னுடு."

"அப்படி என்னதான் வேலை?"

"எல்லாம் உனக்காகத்தான்!"

"எனக்காகன்னா எனக்குத் தெரியக் கூடாதா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

கெண்டையாள் தனியாகச் சறுக்கிப் பார்த்தாள். தண்ணீர் தெறித்தது. பார்க்க ஆளில்லை. நண்டைக் கல்லில் தட்டினாள். நண்டு உடையவில்லை, கல்தான் உடைந்தது.

ஒரு நாள் மீன்கொத்தி அவளிடம் சண்டைக்கு வந்தது. "உன் புருஷன் பண்றது நியாயமா? மடுவில் இருக்கிற மீனையெல்லாம் அள்ளிட்டுப் போறானே! நாங்க என்னத்தைத் தின்கிறது?"

"மீனையா? வீட்டுக்கு ஒரு செதில்கூட வரலையே!"

"அப்போ மலைப் பக்கம் யாருக்கோ போகுது" என்றது மீன்கொத்தி.

கெண்டையாளுக்குத் திக்கென்றது. மலைப் பக்கம், மேல்மடுவில், புதிதாக ஒரு நீர்நாய் குடிவந்திருந்தாள். இளம்பெண். நீளமான மீசை. கெண்டையாள் தண்ணீரில் தன் மீசையைப் பார்த்தாள். அது எப்போதும் இருந்த அளவுதான் இருந்தது. ஆனால் அன்று மிகவும் குட்டையாகத் தெரிந்தது.

"குட்டிகளும் போயாச்சு. என்னோட இருக்க அவருக்கு அலுத்துப்போச்சு" என்று நினைத்தாள். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள். நாளைக் காலை ஆற்றோடு இறங்கி, பெரிய மகளின் மடுவுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் காலை அவள் கரையில் இறங்கிக்கொண்டிருந்தாள். அப்போது துடுப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தான். குழிப்பாறை முந்தின நாள் மாலைதான் நிரம்பியிருந்தது.

"கெண்டை! கிளம்பு!"

"கிளம்பிட்டேன்!" என்றாள் அவள் வெடுக்கென்று.

"அட! தயாராவே இருக்கியே! யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். எனக்கே எல்லாம் தெரியும்!"

"பலே! என் பொண்டாட்டிகிட்ட ஒன்னையும் மறைக்க முடியாது!" என்று சிரித்தான் துடுப்பன். அவள் கையைப் பிடித்து மலைப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தான். கெண்டையாளுக்கு ஒன்றும் புரியவில்லை. 'அவளை எனக்கு அறிமுகப்படுத்தவா கூட்டிப் போகிறார்? அவ்வளவு தைரியமா?' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே போனாள்.

மேல்மடு வந்தது. துடுப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் ஏறினார்கள். அருவி வந்தது. வெருகன் குனிந்து வணங்கினான்.

"வாங்கம்மா! சிறப்பு ஜோடி உலாவுக்கு நல்வரவு!"

புல் மெத்தை தயாராக இருந்தது. குயில் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. மயில் தோகையை விரித்தது. குழிப்பாறையில் குவிந்திருந்த மீனையும் கெண்டையாள் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இதுக்காகவா... இத்தனை நாளும்?"

"எல்லாம் உனக்காகத்தான்னு சொன்னேன்ல?" என்று பெருமையோடு சொன்னபடி துடுப்பன் மெத்தையில் சாய்ந்தான். மயில் ஒருமுறை விசிறியது. இரண்டாவது முறை விசிறுவதற்குள் குறட்டை கேட்டது.

"ஏங்க!" என்று உலுக்கினாள் கெண்டையாள். அவன் புரண்டு படுத்தான். குயில் பாடத் தொடங்கியது. குறட்டை மேலே ஏறியது. குயிலும் சுருதியை ஏற்றிப் பார்த்தது. குறட்டை அதற்கும் மேலே போனது.

"இந்தப் பக்கவாத்தியத்தோட என்னால பாட முடியாது!" என்று குயில் கோபித்துக்கொண்டு பறந்துவிட்டது.

அப்போதுதான் வெயில் அருவி மேல் விழுந்தது. வானவில் தெரிந்தது. கெண்டையாளுக்கு உடம்பு சிலிர்த்தது. "ஏங்க! வானவில்! எழுந்திருங்க!"

"ம்... மீன்... இன்னும் கொஞ்சம் மீன்" என்று தூக்கத்தில் முனகினான் துடுப்பன்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே தோல் கிழிந்திருந்தது. நகங்கள் தேய்ந்திருந்தன. பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை. வானவில்தான் போய்விட்டது.

"நேரம் முடிஞ்சது!" என்று வெருகன் கத்தினான். "அடுத்த ஜோடி காத்திருக்கு!"

துடுப்பன் திடுக்கிட்டு எழுந்தான். "எப்படி இருந்துச்சு கெண்டை? நல்லா இருந்துச்சா?"

"வானவில் அழகா இருந்துச்சு. பக்கத்துல ஆள் இருந்தும் காட்டத்தான் முடியல."

துடுப்பன் முகம் வாடிப்போயிற்று. "தூங்கிட்டேனா? பரவாயில்ல. விடு. இன்னொரு குழிப்பாறை நிறைய மீன் பிடிச்சு..."

"இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா, நான் நிஜமாவே மக வீட்டுக்குப் போயிடுவேன்! காலையில கிளம்பினது அங்கேதான்!"

துடுப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நீ உலாவுக்குத் தயாரா இருக்கேன்னு நினைச்சேனே!"

"என்னை வேணாம்னு நினைச்சு ஒதுங்கிட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க எனக்காக ஓடிட்டிருந்தப்போ, நான் கரையில தனியா உக்காந்திருந்தேன்."

துடுப்பன் இறங்கிப் போக எழுந்தான். கால்கள் தள்ளாடின.

"எருமை மேல ஏத்தி இறக்கி விடலாம். அதுக்குத் தனிக் கட்டணம்" என்றான் வெருகன்.

"அது கட்டணத்திலேயே சேர்ந்ததில்லையா?" என்று கேட்டான் துடுப்பன்.

"ஏறிப் போறதுக்குத்தான் உலான்னு பேரு. இறங்கிப் போறது உங்க சொந்த விஷயம்."

கெண்டையாள் அருவிக்குக் கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தாள். "இந்த ஆறு நம்ம வீட்டு வழியாத்தானே போகுது? வாங்க!" என்று தண்ணீரில் குதித்தாள். துடுப்பனும் குதித்தான்.

அருவிக்கடியில் ஆறு வேகமாக இருந்தது. மற்ற நாளாக இருந்தால் அது துடுப்பனுக்கு விளையாட்டு. அன்று கைகால்களில் வலு இல்லை. ஒரு பாறை இடுக்கில் சுழல் அவனைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஒருமுறை தலை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

"ஏங்க!"

கெண்டையாள் சுழலுக்குள் பாய்ந்தாள். இருட்டில் துழாவினாள். அவன் பிடரி பல்லில் சிக்கியது. குட்டிகளைத் தூக்குவது போலக் கவ்வினாள். ஆனால் எந்தக் குட்டிக்கும் இந்த வயிறு இருந்ததில்லை. பாறையைக் காலால் உதைத்து, ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்தாள்.

துடுப்பன் இருமினான். தண்ணீரைக் கக்கினான். அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"விட்டுடாதே."

"இவ்வளவு கனத்தைத் தூக்கினது விடறதுக்கா?"

அதற்குப் பிறகு ஆறு அகலமாகி, அமைதியாக ஓடியது. இருவரும் மல்லாந்து படுத்து, கையோடு கை கோத்து மிதந்தார்கள். மருத மரங்களின் நிழல் மேலே நகர்ந்தது. அதைப் பார்த்தபடியே துடுப்பன் சொன்னான்.

"குட்டிகள் போனதும் உன்கிட்ட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியல. நல்ல இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போனா, பேச்சு தானா வரும்னு நினைச்சேன்."

"வரலைன்னா சும்மா இருங்க. நான் பேசறேன். நான் மேல்மடுக்காரியைச் சந்தேகப்பட்டேன், தெரியுமா?"

"யாரு அது?"

"புதுசா வந்திருக்காளே, நீளமா மீசை வச்சவ!"

"அப்படி ஒருத்தி இருக்காளா? நான் பார்க்கவே இல்லையே!"

"இனிமே போய்ப் பார்க்க வேண்டாம்!"

துடுப்பன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. வழியில் மணல் திட்டு ஒன்றில் ஏறி வெயில் காய்ந்தார்கள். அவன் முதுகில் ஒட்டியிருந்த பாசியை அவள் எடுத்தாள். அவள் காதுக்குப் பின்னால் இருந்த அட்டையை அவன் எடுத்தான். சாயங்காலம் மடுவுக்கு வந்து சேர்ந்தபோது, இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாமே என்று இருவருக்கும் தோன்றியது.

அதனால் மறுநாளும் கரையோரமாகவே கொஞ்சம் மேலே நடந்து போய், மிதந்து வந்தார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள். சில நாள் ஓயாமல் பேசினார்கள். சில நாள் ஒன்றுமே பேசவில்லை. ஒரு நாள் இருவருமே மிதந்தபடி தூங்கிப்போய், மடுவைத் தாண்டி, பெயர் தெரியாத ஒரு கோரைப் புதரில் போய் முட்டிக்கொண்டார்கள். முதலில் தூங்கியது யார் என்ற சண்டை, திரும்பி நடந்த வழி முழுக்க நடந்தது. அந்த நடையும் இருவருக்கும் மிகவும் பிடித்திருந்தது.

துணையோடு நேரம் கழிக்கப் பொருள் சேர்க்க ஓடுகிறவர், கழிக்க வேண்டிய அந்த நேரத்தையே ஓடித் தொலைத்துவிடுகிறார்.