கிளுவை வேலி

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திய அம்மையாரை ஊரார் சாமியம்மா என்றே அழைத்தார்கள். அவரிடம் சீடராக இருந்த வெள்ளையப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஐப்பசியில் ஒரு காலை. மடத்துக்கு வரும் வழியில், தன் தோட்டத்தை ஒட்டிய தார்ச்சாலையில் ஒரு தேவாங்கு அடிபட்டுச் செத்துக் கிடப்பதை வெள்ளையப்பன் பார்த்தார். ஏதோ வண்டி ஏறியிருந்தது. அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி ஒரு குட்டி. குட்டிக்கு உயிர் இருந்தது.

துண்டில் ஏந்தி மடத்துக்குக் கொண்டுவந்தார். வனக்காவலருக்கு போன் செய்தார்கள். அவர் வந்து சேர்வதற்குள் குட்டியின் உயிரும் அடங்கிவிட்டது. காவலர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துப் போனார். குட்டியின் பிடியைப் பிரிக்க முடியவில்லை.

வெள்ளையப்பன் துண்டை உதறி மடித்தார். பிறகு கேட்டார்.

“மான் செத்தா ஊரே கேக்குது. மயில் செத்தா பேப்பர்ல வருது. இத யாரு கேக்குறா, சாமியம்மா? கலெக்டருக்கு ஒரு மனு எழுதலாம்னு இருக்கேன்.”

“எழுதுங்க.”

“அதுக்கு மேல நம்மள மாதிரி ஆளுக என்ன செய்ய முடியும்?”

சாமியம்மா எழுந்து வெளியே நடந்தார். வெள்ளையப்பன் பின்னால் போனார்.

மலையின் காலடியிலிருந்து கிளுவை மரங்களின் உயிர்வேலி தொடங்கியது. தோட்டத்துக்குத் தோட்டம், வரப்புக்கு வரப்பு, கிளையோடு கிளை கோத்து, கோவைக்கொடி படர்ந்து நீண்டு போனது. இருவரும் அதன் ஓரமாகவே நடந்தார்கள்.

ஓரிடத்தில் வேலி நின்றது. அதற்கப்பால் கல்தூண்களும் முள்கம்பியும். நூறு அடி தள்ளி மறுபடி கிளுவை தெரிந்தது.

“இது நம்ம தோட்டம்,” என்றார் வெள்ளையப்பன். “ரெண்டு வருஷத்துக்கு முன்னால கிளுவையப் பிடுங்கிட்டு நான்தான் கம்பி போட்டேன். பாக்கவும் நல்லா இருக்கும்னு.”

சாமியம்மா கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது தரையில நடக்குற ஜீவன் இல்லீங்களே,” என்றார் வெள்ளையப்பன். குரல் தாழ்ந்துவிட்டது. “கிளைய விட்டு எறங்காது. இங்க வந்ததும் பிடிக்க ஒண்ணும் இல்ல. குட்டியோட கீழ எறங்கி, ரோட்டுப் பக்கம்...”

அப்படியே வரப்பில் உட்கார்ந்தார்.

“நான் கொன்னுட்டேனா, சாமியம்மா?”

“கடப்பாரை இருக்கா?” என்று கேட்டார் சாமியம்மா.

வெள்ளையப்பன் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். சாமியம்மா பக்கத்து வேலியிலிருந்து கிளுவையின் தடித்த கிளைகளைப் போத்துகளாக ஒடித்துக் கொடுத்தார். வெள்ளையப்பன் குழி போட்டு ஒவ்வொன்றாக நட்டார். மழை ஈரத்தில் மண் இளகியிருந்தது.

அவர் மனைவி நாச்சாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“பாம்பு அடையுதுன்னுதானங்க அன்னிக்குப் பிடுங்குனோம்?”

“ஆமா.”

“மறுபடி வருமே?”

“வரும். பாத்துப் போவோம்.”

அவள் செம்பை வரப்பில் வைத்தாள். பிறகு புடவையைச் சொருகிக்கொண்டு, நட்ட போத்துகளின் அடியில் மண்ணை மிதித்து இறுக்கத் தொடங்கினாள்.

வெயில் ஏறியது. பாதி தூரம்கூட முடியவில்லை. வெள்ளையப்பன் கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தார். கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

“இது வளந்து கிளை கோக்க நாலு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள மலையில தேவாங்கு ஒண்ணுகூட மிஞ்சாமப் போயிட்டா, இத்தனையும் யாருக்கு, சாமியம்மா?”

சாமியம்மா இன்னொரு போத்தை ஒடித்து நீட்டினார்.

“ஒண்ணே ஒண்ணு மிஞ்சியிருந்து, இங்க வரைக்கும் வந்து, பிடிக்கக் கிளை இல்லாம நின்னுட்டா?”