கோலமாவில் ஒரு சமையலறை

நாச்சியம்மையின் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் ஆத்மா, மாயை, மோட்சம் என்றுதான் கேள்வியை ஆரம்பிப்பார்கள். தணிகாசலம் சமையலறையைப் பற்றிக் கேட்டார்.

நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர். தங்கமான மனுஷன்தான். ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் மட்டும் ஊரையே கூட்டிவிடுவார்.

“அம்மா, கம்பெனியிலேர்ந்து ரெடியா வர்ற மாடுலர் கிச்சன் போடறதா, ஆசாரியை வெச்சு வீட்டிலேயே செய்யறதா? தூக்கமே போச்சும்மா.”

“பழைய சமையலறை என்ன ஆச்சு?”

“இடிச்சாச்சு.”

“முடிவு பண்றதுக்கு முன்னாடியேவா?”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

அவர் மனைவி பூங்கோதை தூணோரம் உட்கார்ந்திருந்தாள். புருஷனைத் தனியாக விட்டால் இன்னும் நாலு யோசனையோடு திரும்புவார் என்று கூடவே வந்திருந்தாள். பாவம், கொல்லையில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். தூறல் போட்டால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. பொங்கலுக்குள் சமையலறை வராவிட்டால் கரூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள்.

“யார் யாரைக் கேட்டீங்க?” என்றார் குரு.

“ஷோரூம் பையனைக் கேட்டேன். சத்தமில்லாம மூடற டிராயர், ஒரே வாரத்துல வேலை முடிஞ்சுடும்னான். ஆசாரியைக் கேட்டேன். அதெல்லாம் தண்ணி பட்டா ஊதிப்போற பலகை, நான் தேக்குல செஞ்சா பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும்னார். மச்சானைக் கேட்டேன். எதிர்வீட்டு என்ஜினியரைக் கேட்டேன். முடி வெட்டப் போன இடத்துலகூடக் கேட்டுப் பார்த்தேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“தலையை ஆட்டாதீங்கன்னார்.”

குருவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து அவரிடம் நீட்டினார்.

“உங்க மனசுல இருக்கிற சமையலறையை முற்றத்துல போடுங்க. நிஜ அளவுல.”

அளக்கிற வேலை என்றதும் தணிகாசலத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பையிலிருந்து டேப்பை எடுத்தார். இங்கே அடுப்பு, அங்கே தொட்டி, சுவரோரம் அலமாரி என்று கோடு கோடாக இழுத்தார். நட்டநடுவில் பெரிதாக ஒரு கட்டம் போட்டார்.

“இது நடுமேடை. ஷோரூம்ல பார்த்தேன், சுத்தி நின்னு வேலை செய்யலாம். ஆசாரியும் அதே மாதிரி போட்டுத் தர்றேன்னுட்டார். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே அளவுதான் குடுத்திருக்கேன்.”

“அழகா இருக்கு,” என்றார் குரு. “பூங்கோதை, உள்ள வாங்க. இன்னிக்கு அவியல் பண்ணுங்க, பார்ப்போம்.”

பூங்கோதைக்கு முதலில் வெட்கம். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாகச் சமத்தாக உள்ளே போனாள். இல்லாத குழாயைத் திறந்து இல்லாத காயைக் கழுவினாள். அப்புறம் துருவுமனையை எடுத்துப் போடுகிறவள்போலக் குனிந்தாள். ஒரு காலை மடக்கி, நடுமேடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, எந்திரி எந்திரி! மேடைக்குள்ள உட்கார்ந்திருக்கே!”

“எந்த மேடை? நான் தேங்காய் துருவறேன்.”

“நின்னுக்கிட்டுத் துருவேன்!”

“நான் நின்னுக்கிட்டுத் துருவி என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?”

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். அவள் உட்கார்ந்து துருவியதுகூட அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அந்தத் தேங்காயை இத்தனை வருஷமாகச் சாப்பிட்ட மனுஷனுக்கு நிஜமாகவே வெட்கமாகப் போயிற்று.

பூங்கோதை எழுந்து உப்புக்காகக் கையை மேலே நீட்டினாள்.

“மேல் அலமாரி எவ்வளவு உசரத்துல வருது?”

தணிகாசலம் பக்கத்தில் போய்த் தன் கையைத் தூக்கிக் காட்டினார். அவள் விரல் நுனி அவர் முழங்கையைத்தான் தொட்டது.

“என் உசரத்துக்கு அளந்துட்டேன்,” என்றார் மெதுவாக.

“அப்போ உப்பு எடுத்துத் தர நீங்க பக்கத்துலயே நிப்பீங்களா?”

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வார்.

பூங்கோதை நடுமேடையைக் காலாலேயே அழித்தாள். அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் தரையில் உட்கார ஓர் இடம் விட்டாள். உப்பும் புளியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. அடுப்பு தொட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்தது. டேப்பும் இல்லை, யோசனையும் இல்லை, மளமளவென்று போட்டு முடித்துவிட்டாள். தணிகாசலம் சுற்றிவந்து பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் பழகின புத்தி விடுமா? குருவிடம் திரும்பினார்.

“அதெல்லாம் சரிம்மா. இப்போ இதைக் கம்பெனிகிட்ட குடுக்கறதா, ஆசாரிகிட்ட குடுக்கறதா? அதை நீங்க சொல்லவே இல்லையே.”

குரு கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார்.

“முடி வெட்டறவர் வரைக்கும் கேட்டுட்டீங்க ஐயா. இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. பெட்டியைத் தூக்கறதுக்குள்ள கேட்டுடுங்க.”