தெரிந்தே நடித்தேன் என்று எழுதியவர்

இந்தக் கதையில் வரும் மூவரும் நல்லவர்கள். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தவர்கள். அப்படியிருந்தும் அவர்களுக்குள் ஒரு வழக்கு உண்டாயிற்று. தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே நிதானமாகக் கேளுங்கள்.

அருணகிரி பெயர்பெற்ற நடிகர். அறுபது வயதைத் தாண்டியபின் ஒரு வார இதழில் தன் வாழ்க்கையைத் தொடராக எழுதி வந்தார். நாடகக் கொட்டகையில் பசியோடு கிடந்ததையும் சினிமாவில் நுழைந்ததையும் சுவையாக எழுதியவர், ஒரு வாரம் தன் தாயின் மரணத்தைப் பற்றி எழுதினார்.

அப்போது அவர் இளைஞர். சங்கரன்கோவிலில் நாடகம். கதாநாயகனாக நடிப்பவருக்குக் காய்ச்சல் கண்டதால், முதல் தடவையாக அந்த வேஷம் அருணகிரிக்குக் கிடைத்திருந்தது. சொந்த ஊரான கயத்தாற்றிலிருந்து ஆள் வந்தது, அம்மாவுக்கு முடியவில்லை, உடனே புறப்படு என்று. "அரிதாரம் பூசிக்கொண்டிருந்தேன். செய்தி காதில் விழுந்தது. தெரிந்தே மேடையேறி நடித்தேன். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை" என்று அத்தியாயத்தை முடித்திருந்தார்.

இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. கலைக்காகத் தாயின் கடைசி முகத்தையே துறந்த தவம் என்று திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் புகழ்ந்தார். இதை ஒளிக்காமல் எழுதியதே பெரிய மனசு என்றான் ஒரு கல்லூரி மாணவன். தாம்பரத்து நர்ஸ் ஒருத்தி, "சாகிறவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது தெரியும். கைதட்டலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

கடிதம் எழுதாத வாசகர்கள் இருவர் இருந்தார்கள்.

ஒருவர் அருணகிரியின் தங்கை செண்பகவல்லி. கோவில்பட்டியில் இருந்தார். அன்று தாயின் தலைமாட்டில் இருந்தவர் அவர்தான். "அண்ணன் வந்துட்டானா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "பஸ் ஏறிட்டானாம், அம்மா" என்று சொல்லிச் சொல்லியே அந்த உயிரை அனுப்பி வைத்தவர். நாடகம் முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது என்று அண்ணன் அன்று அழுததை அவர் நம்பினார். விதி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். இப்போது இதழை மடித்து வைத்தவர், அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார். அடுத்த மாதம் மகள் வடிவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வர வேண்டியதில்லை.

இன்னொருவர் ஆவுடையப்பன். அந்தக் காலத்தில் நாடகக் குழுவின் மேலாளர். தாயை இழந்த செண்பகவல்லிக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அந்த வீட்டில் அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. அவர் அந்த அத்தியாயத்தைப் படித்துத் திடுக்கிட்டார். ஏனென்றால் அதில் இருந்தது பொய். அன்று கொட்டகை வாசலுக்கு வந்த செய்தியை வாங்கியவர் அவர். நாடகம் நின்றால் குழுவில் ஒருவருக்கும் மறுநாள் சோறில்லை என்ற நிலையில், திரை விழும்வரை அதைச் சொல்லாமல் வைத்திருந்தார். பிறகு அருணகிரியிடம் உண்மையைச் சொல்லி அழுதார். அருணகிரி உடனே லாரி பிடித்து ஊருக்குப் போனார். அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆவுடையப்பன் ரயிலேறிச் சென்னைக்குப் போனார். பழியை ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டார்.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா நான் கிளம்பிப் போயிருப்பேன்னு நெனைக்கீகளா அண்ணாச்சி?" என்றார் அருணகிரி. "எத்தனையோ வருஷமா என்னையே கேட்டுப் பாக்கேன். போயிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல வாய் வரல. அதான் அப்படி எழுதிட்டேன்."

செண்பகத்திடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார் ஆவுடையப்பன். அருணகிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இருக்குற வரைக்கும் சொல்லக் கூடாது. அவளுக்கு ஒரு அண்ணன் போயிட்டான். இன்னொரு அண்ணனாவது மிஞ்சட்டும்."

ஆவுடையப்பன் வாக்குக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளுக்கு ஆள் இல்லை. செண்பகவல்லி, "மாமன் இடத்துல நீங்க நில்லுங்க அண்ணாச்சி" என்றார். ஆவுடையப்பன் நின்றார். பெண்ணுக்கு மாலை போட்டார். வடிவு காலில் விழுந்தபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்து, பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பந்தியில் அவர் உட்காரவில்லை.

சில மாதங்களில் அருணகிரி மாரடைப்பில் இறந்துபோனார். இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். செண்பகவல்லி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், சென்னைக்குப் போகவில்லை. காரியம் முடிந்த பிறகு ஆவுடையப்பன் கோவில்பட்டிக்கு வந்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

செண்பகவல்லி கோபப்படவில்லை. "அண்ணன் உசிரோட இருக்கும்போது இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நாள்கூட வாய்க்கலையா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

செய்யாததைச் செய்ததாக எழுதிப் பழியை ஏற்ற அருணகிரி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஆவுடையப்பன், தாய்க்காக அண்ணனை ஒதுக்கிய செண்பகவல்லி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி செய்ததே சரி. தனக்குத் தெரிந்ததை வைத்து, தாயின் பக்கம் நின்றார். அவர் நம்பியது பொய் என்றால் அது அவர் குற்றமல்ல. அருணகிரியின் மனம் பெரியதுதான். ஆனால் தன் மனச்சாட்சிக்குத் தண்டனை தேடப்போனவர், அதைத் தங்கையும் சேர்ந்து அனுபவிக்கும்படி செய்துவிட்டார். ஆவுடையப்பன் அன்று செய்தியை மறைத்ததைக்கூடப் பலர் பசியைச் சொல்லி மன்னிக்கலாம். பின்னால் கொடுத்த வாக்கோ அவரையே காப்பாற்றிய வாக்கு. அப்படிப்பட்ட வாக்கை, செண்பகவல்லி மாமன் இடத்தில் நிற்கச் சொன்ன அந்த நிமிஷமே அவர் உடைத்திருக்க வேண்டும். உடைத்திருந்தால் அவர் ஒரு தங்கையை இழந்திருப்பார். செண்பகவல்லி ஒருமுறையாவது அண்ணனோடு உட்கார்ந்து அம்மாவுக்காக அழுதிருப்பார்.