முதுகு வலிக்காத நாலு பேர் சறுக்கிய கதை

முட்டாள் கதை என்றாலே பையன்களை மட்டும் வைத்து எழுதுகிறார்கள். இது அநியாயம். எங்கள் பக்கத்து முட்டாள்களில் நாலில் ஒருத்தி பெண். அதுவும் மற்ற மூவரையும் வாதத்தில் சுருட்டி மடியில் கட்டிக்கொள்கிற முட்டாள். பெயர் ஜெபராணி. மற்ற மூவர், கேப்டன் நெல்சன், எதிலும் சந்தேகம் கேட்கும் இசக்கிமுத்து, எதற்கும் "ஆமா" போடும் வேலாண்டி.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு கல்லூரியின் ஸ்கேட்டிங் அணிதான் இந்த நால்வரும். ஷூவுக்கு அடியில் ஒரே வரிசையாகச் சக்கரம் வைத்த ஸ்கேட்டில், உப்பளங்களைச் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போகிற போட்டி வருடா வருடம் நடக்கும். புறப்படுகிற கோடும் முடிகிற கோடும் ஒன்றுதான். கல்லூரி வாசலில் சுண்ணாம்பால் போட்டிருக்கும். போன வருடம் பதினேழாவது கிலோமீட்டரில் நாலு பேரும் அடிமுதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பி வந்தது உப்பு லாரியில், மூட்டைகளுக்கு மேலே குப்புறப் படுத்து.

பிரின்சிபால் தங்கசாமி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் நாலு பேரும் கோட்டைத் தாண்டணும். ஒருத்தர் குறைஞ்சாலும் ஸ்கேட்டிங் ரிங்க்கை டூவீலர் ஸ்டாண்டு ஆக்கிருவேன்."

ரிங்க் போனால் நால்வருக்கும் உலகத்தில் வேறு போக்கிடம் இல்லை. பதறிப்போய் பிசியோதெரபிஸ்ட் பொன்மலர் அக்காவிடம் ஓடினார்கள். அக்கா பொறுமையாகச் சொன்னார்.

"குனியணும்னா இடுப்பை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க. ஒரே வாக்குல ரொம்ப நேரம் இருக்காதீங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருக்க நிமிர்ந்து, கையை மேல தூக்கிச் சோம்பல் முறிங்க. முதுகு துளிகூட வலிக்காத தூரத்துல ஆரம்பிங்க. வாரத்துக்குப் பத்துல ஒரு பங்கு மட்டும் கூட்டுங்க. அதுக்கு மேல கூட்டினா நான் பொறுப்பில்ல."

இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். ஒரு தப்பும் கிடையாது. பொன்மலர் அக்காவை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அன்றிலிருந்து நாலு பேரும் முழங்காலை மடக்கினார்கள். மடக்கினவர்கள் நீட்டவில்லை. கேன்டீன் வரிசையில் மடக்கிக்கொண்டு நின்றார்கள், பஸ்ஸில் மடக்கிக்கொண்டு நின்றார்கள். கல்லூரி விழாவில் இறைவணக்கம் பாடும்போது ஆயிரம் பேர் விறைப்பாக நிற்க, முன்வரிசையில் நாலு பேர் மட்டும் காற்றில் பாதி உட்கார்ந்திருந்தார்கள்.

பிரின்சிபால் பல்லைக் கடித்தார். "ஏலே, நிக்கீங்களா, உட்காருதீங்களா?"

"அக்கா மடக்கச் சொன்னாவ சார்," என்றான் நெல்சன். "நீட்டச் சொல்லல."

அடுத்தது செமஸ்டர் பரீட்சை. இருபது நிமிடம் ஆனதும் நால்வரும் டெஸ்க்கிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கினார்கள். பரீட்சை ஹாலில் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம்? மேற்பார்வையாளர் ஓடோடி வந்து ஆளுக்கொரு அடிஷனல் ஷீட் கொடுத்தார். மூன்று மணி நேரத்தில் ஆளுக்கு எட்டு. முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. இசக்கிமுத்து அதுவரை எழுதியிருந்தது அவனுடைய பதிவு எண்ணை மட்டும்தான், அதிலும் ஒரு இலக்கம் தப்பு.

பயிற்சி தொடங்குகிற நாளும் வந்தது. ரிங்க்கில் வட்டமாக (முழங்கால் மடக்கி) நின்று ஆலோசித்தார்கள்.

"முதுகு துளிகூட வலிக்காத தூரம் எது?" என்றான் நெல்சன்.

"ஒரு கிலோமீட்டர்," என்றான் இசக்கிமுத்து.

ஜெபராணி விடுவாளா? "ஒரு கிலோமீட்டர்ல துளிகூட வலிக்காதுன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமால?"

"சத்தியம்லாம் பண்ண முடியாது."

"அரை கிலோமீட்டர்?"

"லேசா வலிச்சாலும் வலிக்கும்."

"நூறு அடி?"

இசக்கிமுத்து யோசித்தான். "நேத்து குளிக்கப் போகையிலயே சுருக்குன்னுச்சு ஏட்டி."

"அப்போ எந்தத் தூரத்துல நிச்சயமா வலிக்காது? பூஜ்யத்துல. பூஜ்யத்துல ஆரம்பிப்போம்."

"ஆமா," என்றான் வேலாண்டி.

முதல் வாரம் முழுக்க, காலை ஐந்து மணிக்கு ஹெல்மெட், முழங்கால் கவசம், ஸ்கேட் எல்லாம் மாட்டிக்கொண்டு ரிங்க்கில் ஒரே இடத்தில் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கழற்றினார்கள். இரண்டாவது வாரம் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். நெல்சன் செல்போனில் கணக்குப் போட்டான். பூஜ்யத்தில் பத்தில் ஒரு பங்கு பூஜ்யம் என்று வந்தது. செல்போன் பொய் சொல்லாது.

"ஒரு அடி கூட்டிப் பாப்பமா?" என்று இசக்கிமுத்து ஒரு நாள் ஆசைப்பட்டான்.

"கூட்டு. முதுகு போச்சுன்னா அக்கா பொறுப்பில்லன்னு சொல்லிட்டாவ. எங்ககிட்ட வராத," என்றாள் ஜெபராணி.

அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இப்படியே பன்னிரண்டு வாரம். ஒருவருக்கும் முதுகு வலிக்கவில்லை. இந்த வைத்தியத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

போட்டியன்று காலை பொன்மலர் அக்கா வாழ்த்துச் சொல்ல வந்தார். "எவ்வளவு தூரம் வரைக்கும் கூட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். நெல்சன் பெருமையாகச் சொன்னான். அக்கா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு, கடைசி முயற்சியாக ஒன்று சொன்னார்.

"சரி, ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஒட்டி வரிசையாப் போங்க. முன்னால போறவரு காத்தைத் தாங்கிக்கிடுவாரு, பின்னால வாறவங்க முதுகுக்குப் பாரம் குறையும். முன்னால நிக்கறவருக்குக் களைச்சுப்போனா வரிசையில கடைசிக்குப் போயிரணும், அடுத்தவரு முன்னால. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா!"

விசில் ஊதியது. மற்ற கல்லூரிக்காரர்கள் சிட்டாகப் பறந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற நெல்சன், முன்னால் கிடந்த ரோட்டைக் கண்ணால் பார்த்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

"எனக்குப் பாத்ததுமே களைச்சிருச்சு," என்று கடைசிக்குப் போனான்.

இப்போது இசக்கிமுத்து முதல் ஆள். "எனக்கு நெல்சனைப் பாத்துக் களைச்சிருச்சு." கடைசிக்குப் போனான். ஜெபராணிக்கு இருவருக்கும் பதில் சொல்லியே களைத்துவிட்டது. வேலாண்டி "ஆமா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனான். மறுபடி நெல்சன்.

முதல் ஆள் கடைசிக்குப் போகப் போக, வரிசை தடவைக்கு ஓர் ஆள் நீளம் பின்னுக்கு நகர்ந்தது. நால்வரும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்கள் என்று நினைத்து நடுவர்கள் மோர் குடிக்கப் போய்விட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து இசக்கிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. "நாம புறப்பட்ட கோடு முன்னாலல்லா போகுது?"

"அதுக்கு முதுகு இல்ல, வலி இல்ல. வேகமாத்தான் போகும்," என்றாள் ஜெபராணி. "நாம பதறக் கூடாது."

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் பின்னால் போயிருந்தார்கள். அப்போதுதான் உப்பளங்களை ஒரு சுற்றுச் சுற்றி முடித்த மற்றவர்கள், கடைசி நீட்டத்தில் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள்.

"மக்கா, திரும்பிப் பாருங்க!" என்று நெல்சன் அலறினான். "எல்லாவனும் நமக்குப் பின்னாலதான் வாரான்! நாமதான் முதல்!"

நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். குதித்து முடிப்பதற்குள் முப்பத்தாறு பேரும் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"போச்சு, ரிங்க் போச்சு!" என்று இசக்கிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்குல அழுத? முன்னால போறவங்க களைச்சா எங்க வரணும்?" என்றாள் ஜெபராணி.

"பின்னால."

"வருவாங்க. காத்திருப்போம்."

முப்பத்தாறு பேரும் கோட்டைத் தாண்டி, பதக்கம் வாங்கி, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டாயிற்று. போட்டிக்காக உப்பு லாரிகளை மறித்து நிறுத்தியிருந்த போலீஸ்காரர் பிரின்சிபாலிடம் வந்தார். "சார், உங்க ஆளுங்க நாலு பேரு ரோட்டுல நிக்காங்க. அவங்க கோட்டைத் தாண்டாம நான் லாரியை விட முடியாது."

பிரின்சிபால் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். வெயிலில் அவர் வழுக்கை பழுத்திருந்தது.

"சாமிங்களா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். வண்டியைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாலயே வாங்க. கோட்டைத் தாண்டினாப் போதும். ரிங்க்கை நீங்களே வெச்சுக்கிடுங்க!"

ஸ்கூட்டர் முன்னால், நெல்சன் அதைப் பிடிக்க, அவனை இசக்கிமுத்து, அவனை ஜெபராணி, அவளை வேலாண்டி. இந்த வருடத்தில் முதல் முறையாக அணி முன்னோக்கி ஓடியது. கோடு கிட்டே கிட்டே வந்தது. பொன்மலர் அக்கா கைதட்டிக் கத்தினார். இன்னும் பத்தடி. எட்டடி. ஆறடி.

ஸ்கூட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது.

நால்வரும் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். பிறகு, ரொம்ப மரியாதையாக, பிரின்சிபாலைப் பார்த்தார்கள்.

"சார்," என்றாள் ஜெபராணி, "வண்டி களைச்சிருச்சு."

"ஆமா," என்றான் வேலாண்டி.

பிரின்சிபால் முப்பது வருடமாக ஒழுங்கு, வரிசை, ஒழுங்கு, வரிசை என்றே பேசிப் பழகிய மனிதர். கோட்டைப் பார்த்தார். பின்னால் நிற்கும் நாலு பேரையும் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, வேலாண்டிக்குப் பின்னால் கடைசியில் போய் நின்று, "சீக்கிரம் ஆகட்டும்ப்பா, அடுத்தது யாரு?" என்றார்.