முள்ளியின் திராட்சைப் பந்தல்

ஒரு காட்டில், ஓடைக் கரையோரம் நின்ற கிழட்டு ஆலமரம் ஒன்று பெருமழையில் சாய்ந்தது, குழந்தைகளே. அது சாய்ந்த இடத்தில் முதன்முறையாக வெயில் விழுந்தது. நல்ல கரிசல் மண், பக்கத்திலேயே தண்ணீர். அந்த இடத்துக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள்.

ஒன்று, முள்ளி என்னும் முள்ளம்பன்றி. பொறுமைசாலி. அதே மழையில் அதன் வளை இடிந்துபோயிருந்தது. இரண்டு குட்டிகளோடு ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டிருந்தது.

மற்றொன்று, தாவன் என்னும் குரங்கு. அவசரக்காரன், வாய் நீளம்.

"நான்தான் முதலில் பார்த்தேன்!" என்றது தாவன்.

"எனக்கு வேறு இடமில்லை" என்றது முள்ளி.

வழக்கு கொம்பனார் என்ற யானையிடம் போனது. கொம்பனார் இருவருக்கும் ஆளுக்கொரு திராட்சைத் தண்டைக் கொடுத்தது.

"நிலத்தை இப்போதைக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நட்டு வளருங்கள். அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு சித்திரை முதல் நாள் வருவேன். யார் கொடியில் நல்ல பழம் இருக்கிறதோ, இடம் முழுவதும் அவர்களுக்கு. தோற்றவர் ஓடையைத் தாண்டிப் போய்விட வேண்டும்."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

தாவன் அன்றைக்கே தண்டை நட்டது. நாலு முருங்கைக் கொம்புகளை ஒடித்து வந்து சுற்றிலும் செருகியது. "முடிந்தது வேலை!" என்று வாலைச் சுழற்றியது.

முள்ளி உறுதியான வேலமரமாகத் தேடிப் பிடித்து, பல்லால் கொறித்துக் கொறித்துப் பந்தலுக்கு நான்கு கால்களும் கையிருப்பாக இரண்டும் அறுத்தது. அதற்கே ஒரு மாதம் ஆனது. பிறகு கோரன் என்ற காட்டுப்பன்றியைக் கூப்பிட்டது. கோரனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

"கோரா, இந்த நான்கு மூலையிலும் ஆழத்தில் கிழங்கு இருக்கிறது. தோண்டித் தின்றுகொள். குழியை மட்டும் எனக்கு விட்டுவிடு."

"தின்னவும் சொல்லி, நன்றியும் சொல்வாயா?"

"சொல்வேன்."

கோரன் மூக்கைப் புதைத்துத் தோண்டியது. கிழங்கு வயிற்றுக்குள் போனது. குழிக்குள் வேலங்கால்கள் இறங்கின. மேலே மூங்கில் பரப்பி, தூக்கணாங்குருவியை நார் கட்டச் சொன்னது முள்ளி.

கொடி வளர வளர, பக்கவாட்டில் கிளம்பிய துளிர்களை முள்ளி கிள்ளிவிட்டது. ஒரே ஒரு தண்டை மட்டும் காலோடு சேர்த்து மேலே ஏற்றியது.

"இறுக்கிக் கட்டட்டுமா?" என்று குருவி கேட்டது.

"வேண்டாம். தண்டு நாளைக்குப் பருக்க வேண்டுமே. விரல் நுழைகிற அளவு விட்டுக் கட்டு."

தாவன் மரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது. அதன் கொடி பத்துக் கிளையாகப் பிரிந்து, முருங்கைக் கொம்புகளை மூடிக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றது.

மறு ஆண்டு ஆடி மாதம் பேய்க் காற்று அடித்தது. முருங்கைக் கொம்புகள் மடமடவென்று முறிந்தன. தாவனின் கொடி தரையில் விழுந்தது. முள்ளியின் பந்தலோ கிறீச்சிட்டு ஆடியது. ஆனால் ஒரு காலும் அசையவில்லை.

"தாவா, என்னிடம் இன்னும் இரண்டு வேலங்கால்கள் இருக்கின்றன. எடுத்துக்கொள்" என்றது முள்ளி.

"எதற்கு? பூசணி தரையில்தானே காய்க்கிறது? என் கொடியும் காய்க்கும்!"

மார்கழி வந்தது. முள்ளி கோரனின் முதுகில் ஏறி நின்றது.

"ஐயோ, முள் குத்துகிறது, அக்கா!"

"கொஞ்சம் பொறுத்துக்கொள், தம்பி."

முள்ளி பல்லால் கிளைகளை நறுக்கத் தொடங்கியது. நீண்ட கிளைகள் எல்லாம் விழுந்தன. கிளைக்கு இரண்டு மூன்று கணுக்கள்தாம் மிஞ்சின. ஓர் இலை இல்லை. வெட்டுவாய்களிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"கொடி அழுகிறதே! கொன்றுவிட்டாயே!" என்று குருவி பதறியது.

தாவன் காடு முழுவதும் தாவித் தாவிக் கத்தியது. "முள்ளிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது! வந்து பாருங்கள்!"

மான்களும் முயல்களும் வந்து பார்த்துவிட்டு, "பாவம், குட்டிகளோடு எங்கே போகும்?" என்று முணுமுணுத்தன. தாவன் கொம்பனாரையே அழைத்து வந்துவிட்டது.

"ஐயா, இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? என் இலைகளைப் பாருங்கள். அந்த மொட்டைக் குச்சியையும் பாருங்கள். இப்போதே தீர்ப்புச் சொல்லுங்கள்!"

"முள்ளி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டது கொம்பனார்.

முள்ளி நிமிர்ந்து நின்றது. "கெடு சித்திரைதானே, ஐயா? சித்திரையில் வாருங்கள்." கொம்பனார் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. முள்ளி தினமும் தண்ணீர் விட்டது, அண்ணாந்து பார்த்தது, திரும்பியது. அடுத்த சில நாட்களில் ஒரு காலை கணுக்கள் வீங்கியிருந்தன. பிறகு செந்துளிர் வெடித்தது. துளிரோடு சேர்ந்து கடுகுக் குவியல் போலப் பூங்கொத்துகளும் வந்தன!

சித்திரை முதல் நாள் காடே கூடிவிட்டது.

கொம்பனார் முதலில் தாவனின் பக்கம் போனது. இடுப்பளவு இலைக்காடு.

"பழம் எங்கே?"

"உள்ளே இருக்கும், ஐயா!" தாவன் இலைகளை விலக்கியது. விலக்கிக்கொண்டே போனது. கீழே வெயில் படாத ஈர மண்ணில் நத்தைகள் ஊர்ந்தன. வெள்ளை பூத்து அழுகிய நாலைந்து காய்கள் கையோடு வந்தன. தாவன் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

கொம்பனார் முள்ளியின் பந்தலுக்குக் கீழே வந்து நின்றது. தலைக்கு மேலே கருநீலக் குலைகள், ஒன்றல்ல, இருபதுக்கும் மேல், மூங்கிலே வளையும்படி தொங்கின. கொம்பனார் துதிக்கையை நீட்டி ஒரு குலையைப் பறித்து வாயில் போட்டது. கண்ணை மூடியது.

"இந்த இடம் முள்ளிக்கே!" என்று அது பிளிறிய பிளிறலில் மூங்கில் புதர்களிலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன.

முயல்கள் துள்ளின. குருவி பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கோரன், "என் முதுகில்தான் ஏறி நின்றது! என் முதுகில்தான்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

தாவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடையைத் தாண்டிப் போனது. அன்று சாயங்காலத்துக்குள் பந்தல் நிழலில் புது வளை ஒன்று தோண்டப்பட்டது. வாயெல்லாம் திராட்சைச் சாறு வழிய, முள்ளியின் குட்டிகள் இரண்டும் அதற்குள் ஓடிப் புகுந்தன.

நீதி: படர்ந்ததெல்லாம் பலன் தராது, உறுதியாகத் தாங்கி, துணிந்து தறித்து வளர்த்ததே கனி தரும்.