பேசாத கிடாவும் வாதா இலைகளும்

கரட்டு மலையின் அடிவாரத்தில் செவலையன் என்று ஒரு கிழட்டுக் கிடா இருந்தது. அதே அடிவாரத்தில் கருவாயன் என்று ஒரு நாயும் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வெகு நாளைக்கு முன்னால் குளத்தங்கரையில் எல்லா மிருகங்களும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அப்போது நாய் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டது.

"செவலையன் மாமா வர்றதை நான் கண்ணால பாக்கவே வேண்டாம். அவர் கிளம்பும்போதே என் மூக்குக்குச் சேதி வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மைனா சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தது. கிடா மட்டும் சிரிக்கவில்லை. அன்றோடு நாயுடன் பேசுவதை நிறுத்திவிட்டது. நாய் மறுநாளே தான் சொன்னதை மறந்துபோய் வாலாட்டிக்கொண்டு வந்தது. கிடா முதுகைக் காட்டியது. சாயங்காலம் தழையை அசைபோடும்போதெல்லாம் அந்த வார்த்தையையும் சேர்த்து அசைபோட்டது.

மலை உச்சியில் ஒரு சுனை உண்டு. சுனையைச் சுற்றி வாதா மரங்கள், அதாவது அகன்ற இலை கொண்ட நாட்டு வாதுமை. தை மாதம் வந்தால் உதிர்வதற்கு முன்னால் அந்த இலைகள் அத்தனையும் சிவந்துவிடும். வழி நன்றாகத் தெரிந்தது நாய்க்கு மட்டும்தான். ஆண்டுதோறும் அது யாரையாவது கூட்டிக்கொண்டு காலையில் ஏறும், மாலையில் இறங்கும். போய் வந்தவர்கள் மாதக்கணக்கில் அதையே பேசுவார்கள். கிடா தூங்குவதுபோல் படுத்திருக்கும். காது மட்டும் விறைப்பாக நிற்கும்.

"அவன் காட்டித்தான் நான் பாக்கணுமாக்கும்" என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தத் தையில் அதன் முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது. அடுத்த தைக்குள் இந்தக் கால் மலையேறும் காலாக இருக்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு மைனா வந்து, "மலை மேல காத்து வலுத்துடுச்சு. நாளைக்கு ஒரு இலை மிஞ்சாது" என்றது.

அன்று நாயோடு மலையேற இருந்தது முயல். கிடா நேராக அதனிடம் போனது.

"வெள்ளச்சி, இன்னிக்கு நானும் வர்றேன். ஆனா அவன்கிட்ட சொல்லிடு. நான் இலைக்காக வர்றேன். அவனுக்காக இல்லை."

மூன்றும் கிளம்பின. முன்னால் நாய், பின்னால் கிடா, நடுவில் முயல்.

"வெள்ளச்சி, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு" என்றது கிடா.

நாய் ஒரு முழம் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் முயல், "கருவாயா, மெதுவாப் போகணுமாம்" என்றது.

"சரின்னு சொல்லு."

"சரியாம், மாமா."

"எனக்கென்ன காது செவிடா?" என்றது கிடா.

"அப்புறம் நான் எதுக்கு?" என்று முயலுக்குக் கோபம் வந்தது. பாறை இடுக்கில் பச்சைப் புல் தெரிந்ததும், "நீங்க ரெண்டு பேரும் பேசாம வாங்க" என்று சொல்லிவிட்டுத் தாவி ஓடிப்போனது.

வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. இடப்பக்கம் தேக்கஞ்சருகு மெத்தைபோல் குவிந்து கிடந்தது. நாய் திரும்பிப் பார்த்தது. முயலைக் காணோம். வேறு வழியில்லாமல் நேராகவே சொன்னது.

"மாமா, அந்தச் சருகு மேல கால் வைக்காதீங்க. அடியில பள்ளம் இருக்கு."

கிடாவுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் முயல் வழியாக வராத பேச்சு அதன் கணக்கில் பேச்சே இல்லை. கேட்டதாகக் காட்டிக்கொண்டால் மானம் என்னாவது? வானத்தைப் பார்த்துக்கொண்டு சரியாகச் சருகின் மேலேயே காலை வைத்தது.

தொபுக்கென்று சத்தம் கேட்டது. கிடாவைக் காணோம்.

"மாமா, அடிபட்டுடுச்சா?"

நாய் எட்டிப் பார்த்தது. கழுத்தளவு சருகில் நின்றபடி கிடா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாய்க்கு ஒன்றும் ஓடவில்லை. "இருங்க, வெள்ளச்சியைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஓடியது.

கிடா தனியாக நின்றது. மேலே காற்று சலசலத்தது. ஒரு சிவப்பு இலை சுழன்று சுழன்று வந்து அதன் மூக்கின் மேல் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்தாகவே வந்து விழுந்தன. கிடா அண்ணாந்து பார்த்தது. இத்தனை ஆண்டு காத்திருந்த மரம் உச்சியில் மொட்டையாகிக்கொண்டிருக்கிறது. தானோ குழிக்குள் நின்று ரோஷம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அதற்கு உறைத்தது.

நாய் மூச்சிரைக்க வந்தது. "வெள்ளச்சியைக் காணோம் மாமா. உச்சிக்கே போயிட்டா போல."

கிடா தொண்டையைச் செருமியது.

"கருவாயா."

நாயின் காது இரண்டும் நிமிர்ந்தன.

"மேல இலை இருக்காடா?"

"பாதி இருக்கும் மாமா."

"அப்புறம் என்னடா வாயைப் பாத்துட்டு நிக்கிற? தோண்டு."

நாய் கரையைப் பறித்து மண்ணை உள்ளே தள்ளியது. கிடா விழுந்த மண்ணை மிதித்து மிதித்து மேடாக்கியது. மேடு உயர உயரக் கிடாவும் உயர்ந்தது. கடைசியில் நாய் அதன் கொம்பைக் கவ்வி இழுக்க, கிடா வெளியே வந்து விழுந்தது. உடம்பில் ஒட்டிய சருகைக்கூட உதறாமல் ஓடியது. முழங்கால் போட்ட சத்தம் அன்று அதற்குக் கேட்கவே இல்லை.

உச்சியில் பாதி இலைகள் மரத்தில் இருந்தன. மீதிப் பாதி வானத்தில் இருந்தன. காற்று அள்ளி அள்ளி வீச, சிவப்பு இலைகள் சுனைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறந்தன. முன்பு வந்தவர்கள் மரத்தில் நின்ற இலையைத்தான் பார்த்திருந்தார்கள். பறக்கிற இலையைப் பார்க்கிற யோகம் கிழட்டுக் கிடாவுக்குத்தான் வாய்த்தது. அது குட்டிபோல் துள்ளியது. பின்னங்காலில் நின்று இலையை முட்டியது. முட்டிய இலையைத் தின்றும் பார்த்தது.

"வாடா கருவாயா! என்ன சிவப்பு, பாத்தியா?"

"எனக்குச் சிவப்பு தெரியாது மாமா" என்றது நாய். "நாய்க் கண்ணுக்கு அந்த நிறமே கிடையாது. எனக்கு இதெல்லாம் காஞ்ச புல்லு மாதிரிதான்."

கிடா துள்ளுவதை நிறுத்தியது. "பின்னே எதுக்குடா வருஷா வருஷம் ஏறுற?"

"இங்க வந்ததும் எல்லாரும் போடுற ஆட்டம் இருக்கே, அதைப் பாக்கத்தான். நீங்க ஒருத்தர்தான் ஆடாம இருந்தீங்க."

கிடா தாடியை ஆட்டியது. பிறகு நாயின் பக்கத்தில் வந்து படுத்தது.

"கேளு. வெயில் குடிச்ச பாறை மேல படுத்தா வயித்துல இதமா ஒரு சூடு ஏறும் இல்ல? அதுதான் சிவப்பு. உனக்கு ரொம்பப் பிடிச்சவங்க தூரத்துல வர்ற வாசனை வந்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும் இல்ல? அதுவும் சிவப்புதான்."

நாய் கண்ணை மூடிக்கொண்டது. வால் மட்டும் தரையைத் தட்டியது. "இன்னும் சொல்லுங்க மாமா."

கிடா சொன்னது. இறங்கும்போதும் சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் வந்து சேர்ந்த முயல், "நான் எதுவும் சொல்லணுமா மாமா?" என்று கேட்டது.

"நாங்க பேசிட்டிருக்கோம்ல. நீ எதுக்கு நடுவுல?" என்றது கிடா.

கோபத்தில் வாயை மூடிக்கொள்கிறவன், தனக்கு நல்லது சொல்லும் குரலுக்குக் காதையும் சேர்த்தே மூடிக்கொள்கிறான்.